சின்ன ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர்? வாட் எண்ணைத் தாண்டி ஓர் எளிய விளக்கம்

"என்னுடைய ஆம்ப் 20 வாட்தான். இந்த ஸ்பீக்கரில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. ஓடுமா?"

கைக்கு அடக்கமான ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில்களும் உடனே வந்து விழும். "பத்தாது, பெரிய ஆம்ப்பாக வாங்குங்கள்" என்பார் ஒருவர். "குறைந்த வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எரிந்துபோகும்" என்று பயமுறுத்துவார் இன்னொருவர். "இரண்டிலும் ஒரே வாட் இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள்" என்பார் மூன்றாமவர். மூன்றுமே சரியில்லை. இவற்றை நம்பி நல்ல ஸ்பீக்கரைக் கைவிடுகிறவர்களும், தேவையே இல்லாமல் ஆம்ப்பை மாற்றுகிறவர்களும் நிறைய. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், அது சரியான இடத்தில் செலவாக வேண்டும். அதற்கு வாட் எண்ணை விட முக்கியமான வேறு சில எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடலாம். இங்கே பேசுவது பேசிவ் ஸ்பீக்கர்களைப் பற்றி, அதாவது உள்ளே ஆம்ப் இல்லாமல் ஒயர் வழியாக வெளி ஆம்ப்பில் இணைக்கப்படும் வகை. ஆக்டிவ் ஸ்பீக்கருக்குள் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது; அதற்குத் தனி ஆம்ப் வேண்டாம், அதன் இன்புட்டில் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்புட்டை இணைக்கவும் கூடாது.

ஸ்பீக்கரின் வாட் எதைச் சொல்கிறது?

லிஃப்டில் "அதிகபட்சம் 8 பேர்" என்று எழுதியிருக்கும். எட்டுப் பேர் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒருவர் ஏறினாலும் அது மேலே போகிறது. ஸ்பீக்கரின் பின்பக்கம் எழுதியிருக்கும் 100 வாட்டும் அப்படித்தான். அது தாங்கும் வரம்பு. ஓடுவதற்குத் தேவையான அளவு அல்ல.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஸ்பீக்கருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. இதை வாய்ஸ் காயில் என்பார்கள். ஆம்ப்பிலிருந்து வரும் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது காயில் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. அதுதான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது. இந்த வேலையில் வீணாகும் சக்தி நம்ப முடியாத அளவு அதிகம். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மீதி எல்லாம் காயிலில் வெப்பமாகிறது. எவ்வளவு வெப்பம்வரை காயில் கருகாமல் இருக்கும் என்பதைத்தான் அந்த வாட் எண் முக்கியமாகக் குறிக்கிறது.

ஆக, 100 வாட் ஸ்பீக்கர் 20 வாட் ஆம்ப்பில் தாராளமாக ஓடும். எவ்வளவு சத்தமாக ஓடும் என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் வாட்டில் இல்லை, டெசிபலில் இருக்கிறது.

சென்சிட்டிவிட்டி: முதலில் பார்க்க வேண்டிய எண்

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். ஒரு மீட்டர் தொலைவில் இருவர் சாதாரணமாகப் பேசினால் ஏறக்குறைய 60 டெசிபல். டெசிபலில் ஒரு விசேஷம் உண்டு: ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். அந்த 10 டெசிபல் கூடினால்தான் பெரும்பாலானவர்களின் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். 20 வாட் ஆம்ப்பை விற்றுவிட்டு 40 வாட் வாங்கியவர் "பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்று முழிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் வருகிறது என்று அளந்து சொல்வதே சென்சிட்டிவிட்டி. சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில், அதாவது அலமாரியிலோ மேசையிலோ வைக்கும் அளவுள்ளவற்றில், இது பெரும்பாலும் 83 முதல் 89 வரை இருக்கும். தயாரிப்பாளர்கள் கொடுக்கும் எண்களின்படி மிக்கா எம்பி42எக்ஸ் 85, சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 87, எலாக் டெபியூ பி6.2 87, க்யூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ 88. பார்க்க எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனால் 85-க்கும் 88-க்கும் இடையிலுள்ள அந்த 3 டெசிபலை ஆம்ப்பால் ஈடுகட்ட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். சென்சிட்டிவிட்டியில் 3 கூடுதலாகக் கிடைப்பது ஆம்ப்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். வெட்டவெளியாக இருந்தால் அந்தத் தொலைவில் 8 டெசிபல் குறைந்துவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. ஸ்பீக்கரும் இரண்டு இருக்கின்றன. அதனால் இழப்பு அவ்வளவு இருக்காது. பாதுகாப்பாக 5 டெசிபல் கழிப்போம். 86 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் ஒரு வாட்டில் உங்கள் இருக்கைக்கு 81 டெசிபல் வந்து சேரும்.

வீட்டில் ரசித்துக் கேட்க சராசரியாக 78 டெசிபல் நல்ல சத்தம். 81-லிருந்து 3 குறைவு. அப்படியானால் சராசரியாகத் தேவைப்படுவது அரை வாட். ஆம், அரை வாட்தான். ஆனால் இசை சீராக ஓடுவதில்லை. டிரம் மீது விழும் ஓர் அடி, பியானோவில் பலமாக அழுத்திய ஒரு ஸ்வரம் போன்றவை சராசரியை விட 10 முதல் 15 டெசிபல்வரை ஒரு கணம் எகிறும். 15 என்றே வைத்துக்கொள்வோம். 93 டெசிபல் வேண்டும். 81-க்கு மேல் 12 டெசிபல். அதற்கு 16 வாட்.

இதே இடத்தில் 89 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால் 8 வாட் போதும். 83 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால் 32 வாட் வேண்டும். அறையும் மாறவில்லை, பாட்டும் மாறவில்லை, கேட்பவரும் மாறவில்லை. ஸ்பீக்கரில் ஒரே ஓர் எண் மாறியதில் தேவை நான்கு மடங்கு ஏறிவிட்டது. 20 வாட் ஆம்ப் வைத்திருப்பவருக்கு முதல் இரண்டும் சரி. மூன்றாவது ஸ்பீக்கரோடு அந்த ஆம்ப் திணறும்.

மேசையில் கணினிக்கு இருபுறமும் வைத்து ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தேவையில்லை. அங்கே 84 டெசிபல் ஸ்பீக்கரும் சின்ன ஆம்ப்பும் நன்றாகவே ஒத்துப்போகும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி அளப்பதில்லை. அறையில் எதிரொலித்து வருவதையும் சேர்த்துக் கணக்குக் காட்டுபவர்கள் உண்டு. அவர்களின் எண் சுயேச்சையாக அளந்தவர்கள் சொல்வதை விடச் சில டெசிபல் கூடுதலாக இருக்கும். பெட்டி சின்னது, தாழ்ந்த ஒலிக்கான யூனிட்டான வூஃபரும் சின்னது, எண் மட்டும் 93 என்றிருந்தால் வேறு எங்காவது அளந்த எண் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை பார்த்தது: ஸ்பீக்கரின் வாட் ஒரு மேல் வரம்பு. எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சென்சிட்டிவிட்டியும், நீங்கள் உட்காரும் தொலைவும், ஆம்ப்பின் வாட்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஓம்: ஆம்ப்பின் மேல் ஏறும் சுமை

அடுத்த எண் இம்பீடன்ஸ். மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு அது; அலகு ஓம். 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று போட்டிருக்கும். எண் குறையக் குறைய ஸ்பீக்கர் ஆம்ப்பிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ஆம்ப்புக்கு வேலை கூடும், சூடும் கூடும்.

பின்னால் எழுதியிருப்பது பெயரளவு எண்தான். உண்மையில் ஒவ்வோர் அலைவரிசையிலும், அதாவது ஒலி எவ்வளவு தாழ்ந்தது அல்லது உயர்ந்தது என்பதைப் பொறுத்து, இம்பீடன்ஸ் மாறிக்கொண்டே இருக்கும். 6 ஓம் என்று விற்கப்படும் ஸ்பீக்கர் சில இடங்களில் 4 ஓம்வரை இறங்குவது சாதாரணம். முன்பு சொன்ன 3020ஐ-க்கு அதன் தயாரிப்பாளரே "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று தனியாகக் குறிப்பிடுகிறார். இப்படிக் குறிப்பிடுவது நல்ல பழக்கம். உங்கள் ஆம்ப்பின் பின்பக்கம் "4 முதல் 8 ஓம்" என்று இருந்தால் பெரும்பாலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை அச்சமின்றி இணைக்கலாம். "6 ஓமுக்குக் குறையக்கூடாது" என்று இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கராகத் தேடுங்கள்.

சென்சிட்டிவிட்டியோடு ஓம் கலக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறையப் பேர் "ஒரு வாட்" என்று அளக்காமல் "2.83 வோல்ட்" கொடுத்து அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அதே வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடும். ஆகவே 2.83 வோல்ட்டில் 88 டெசிபல் என்று சொல்லப்படும் 4 ஓம் ஸ்பீக்கர், ஒரு வாட் கணக்கில் 85 டெசிபல் ஸ்பீக்கர்தான். ஒப்பிடும்போது 3 கழித்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்

சின்ன ஆம்ப்களில் இப்போது பெரும்பாலானவை கிளாஸ் டி வகை. சிக்னலை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் முறை இது. சூடாகி வீணாவது குறைவு, அதனால்தான் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் அடங்குகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப்பை வைத்துச் செய்யப்பட்டவை ஏராளம். பெட்டியில் "50 வாட் + 50 வாட்" என்று பெரிதாக இருக்கும். அந்தச் சிப்புக்கு 50 வாட் என்பது 4 ஓம் சுமையில், 21 வோல்ட் மின்சாரத்தில், 10 சதவீதச் சிதைவோடு (ஒலியலை மூல வடிவத்திலிருந்து கெடுவது) வரும் கணக்கு. 10 சதவீதச் சிதைவில் யாரும் பாட்டுக் கேட்க முடியாது. சுத்தமாகக் கிடைப்பது அதை விடக் குறைவு.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியம் கூட வரும் அடாப்டர். பெரும்பாலான சின்ன ஆம்ப்கள் அடாப்டரின் வோல்ட்டைத் தாண்டி ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே கணக்கு எளிது: அடாப்டர் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் உச்ச வரம்பு. 12 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர்: 144-ஐ 16-ஆல் வகுத்தால் 9 வாட். அவ்வளவுதான், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும். 19 வோல்ட் என்றால் 22 வாட்டுக்குச் சற்று மேல். 24 வோல்ட் என்றால் 36 வாட். நடைமுறையில் இதிலும் கொஞ்சம் குறையும்.

ஆம்ப் 24 வோல்ட்வரை ஏற்கும் என்று அதன் குறிப்பேட்டில் இருந்து, உங்களிடம் 12 வோல்ட் அடாப்டர் இருந்தால், ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். 9 வாட்டிலிருந்து 36 வாட்டுக்குப் போவது 6 டெசிபல் லாபம். இவ்வளவு மலிவாக இந்த லாபம் வேறு எதிலும் கிடைக்காது. பிளக்கின் அளவும், பிளஸ் மைனஸ் திசையும், ஆம்பியர் அளவும் பொருந்துகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"குறைந்த வாட் ஸ்பீக்கரை எரிக்கும்" என்பது உண்மையா?

குறைந்த வாட் எந்த ஸ்பீக்கரையும் எரிப்பதில்லை. நள்ளிரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் சிறு பங்குதான். அது எதையும் கெடுப்பதில்லையே. கெடுப்பது கிளிப்பிங். ஆம்ப் தன்னால் முடிந்ததை மீறிக் கொடுக்க முயலும்போது ஒலியலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அதற்குத்தான் இந்தப் பெயர். தட்டையான அலையில் சராசரிச் சக்தி கூடுகிறது. மூல இசையில் இல்லாத உயர்ந்த அலைவரிசைகளும் பிறக்கின்றன. அவை போய்ச் சேருவது ட்வீட்டருக்கு. மேல்ஸ்தாயி ஒலிக்கான அந்தச் சின்ன யூனிட்டின் காயில் மிக மெல்லியது. தொடர்ந்து சூடேறினால் கருகிவிடும்.

அதன் அடையாளம் காதிலேயே தெரியும். சத்தம் கூட்டக் கூட்டப் பாடகரின் குரல் கரகரக்கும், ஜால்ரா ஒலி கூசும், பாஸ் எனும் கீழ்ஸ்தாயி ஒலி தடித்து மங்கும். அந்த இடத்தில் வால்யூமைக் குறைத்துவிட்டால் ட்வீட்டர் பிழைக்கும். குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை நம்ப வேண்டாம். பலமான சிக்னல் உள்ளே வந்தால் குமிழ் பாதியில் இருக்கும்போதே ஆம்ப் முழு வாட்டையும் கொடுத்து முடித்திருக்கும்.

சுருக்கமாக: ஓம் பொருந்த வேண்டும், அடாப்டரை வைத்து உண்மையான வாட்டைக் கணக்கிட வேண்டும், குரல் கரகரக்கும் இடத்துக்குக் கீழே கேட்க வேண்டும்.

சின்னப் பெட்டி ஏன் ஆழமான பாஸ் தருவதில்லை?

சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிகச் சென்சிட்டிவிட்டி. எல்லோரும் இந்த மூன்றையும் கேட்கிறார்கள். ஒரே ஸ்பீக்கரில் இரண்டுதான் கிடைக்கும். இதை வகுத்துச் சொன்னவர் ஜே. ஆன்டன் ஹாஃப்மன், 1957-இல் தொடங்கப்பட்ட கேஎல்ஹெச் நிறுவனத்தின் மூன்று நிறுவனர்களில் ஒருவர். ஸ்பீக்கர் செய்பவர்கள் இன்றும் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்கிறார்கள். புதிய பொருள்கள் வந்துவிட்டன, கணினி வடிவமைப்பு வந்துவிட்டது. இந்த விதி மட்டும் அசையவில்லை.

1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி, அதுவரை பெரிய பெட்டிகளால் மட்டுமே முடிந்த பாஸை அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியில் அது கொண்டுவந்தது. அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி. அதை ஓட்ட அதிக வாட் தேவைப்பட்டது. இன்றைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் அதே பேரத்தைத்தான் செய்கின்றன.

சின்ன ஆம்ப் வைத்திருப்பவர் இந்தப் பேரத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? என் கருத்தில், ஆழ்ந்த பாஸை விட்டுக்கொடுப்பதே நல்லது. பாஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அதைத் தொடுவேன் என்று சொல்லும் சின்னப் பெட்டி பெரும்பாலும் சென்சிட்டிவிட்டியைத் தியாகம் செய்திருக்கும். 55, 60 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டு அதற்கு மேல் உள்ளதைத் தெளிவாகத் தரும் ஸ்பீக்கரில் மனிதக் குரல் முழுமையாக வந்துவிடும், கருவிகளில் பெரும்பகுதியும் வந்துவிடும். கீழே விடுபட்டதைப் பின்னாளில், ஆழ்ந்த பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒன்றால் சேர்த்துக்கொள்ளலாம். மங்கிய குரலை எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது.

வூஃபரின் அளவைப் பொறுத்தவரை, மேசைக்கு 4 அங்குலம், அறைக்கு ஐந்தே கால் அல்லது ஆறரை அங்குலம் என்று தொடங்கலாம்.

சத்தம் சரி, தரம்?

பொருத்தம் பார்த்தாயிற்று. நல்ல ஸ்பீக்கர் எது என்பது தனிக் கேள்வி. "அவரவர் ரசனை" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஃப்ளாய்ட் டூல் பல்லாண்டுகள் ஆய்வு செய்தார். எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, மக்களின் விருப்பம் பெருமளவு ஒத்துப்போனது. நேரே அளந்தால் எந்த அலைவரிசையும் துருத்தாமல் சமமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் அளந்தாலும் அதே வடிவம் சீராகத் தேய்ந்து வர வேண்டும். அப்படிப்பட்ட ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். விலை எவ்வளவு என்று காதுக்குத் தெரியாது.

இதனால் பட்ஜெட்டில் வாங்குபவருக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும், சுயேச்சையாக அளந்தவர்கள் வெளியிடும் வரைபடங்கள் பல மாடல்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. 2000 முதல் 10,000 ஹெர்ட்ஸ்வரை கோடு திடீரென மேடேறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது "என்ன தெளிவு!" என்று தோன்றும், வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் காது வலிக்கும்.

வைக்கும் இடம்

பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் தடித்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு சாணாவது முன்னே நகர்த்துங்கள். அலமாரிக்குள்தான் வைக்க முடியும் என்றால் முன்பக்கத் துளை உள்ளதையோ மூடிய பெட்டியையோ தேர்ந்தெடுங்கள். ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையிலுள்ள தூரமும், அவற்றிலிருந்து உங்களுக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். கால் மீட்டர் நகர்த்தினாலே பாஸ் மாறுவதை நீங்களே கேட்கலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால்

குறைந்த பணத்தில் நல்ல ஸ்பீக்கர் கிடைக்க இதுவே சிறந்த வழி என்று நம்புகிறேன். ஸ்பீக்கரில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு, அவற்றைக் கையாலேயே சோதிக்கலாம். துணி மூடியைக் கழற்றுங்கள். கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். பழைய ஃபோம் விரலால் லேசாகத் தொட்டாலே பொடிந்து ஒட்டும். அப்படியிருந்தால் விளிம்பை மாற்றியாக வேண்டும், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். பிறகு கோனின் நடுவைச் சுற்றி இரு கை விரல்களையும் பரப்பி வைத்து, ஒரே சீராக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பி வர வேண்டும். 'சரக்' என்று உரசினால் வாய்ஸ் காயில் கோணிவிட்டது, அதை வாங்காதீர்கள். ட்வீட்டரை மட்டும் அழுத்த வேண்டாம், உள்ளே குழிந்துவிடும். ஓமை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பின்பக்க முனைகளில் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 5.5 முதல் 7 ஓம் காட்டும். கடைசியாக ஒரு பாட்டைப் போட்டு, ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதை வைத்து, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். ஆம்ப்போடு இணைக்க, சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும்.

இணைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கிளாஸ் டி வகைச் சின்ன ஆம்ப்கள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது. அது வெறும் கிரவுண்ட் அல்ல. இடது, வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினாலோ, ஒயரின் ஒரு பிசிறு பக்கத்து முனையைத் தொட்டாலோ ஆம்ப் போய்விடலாம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, பிசிறில்லாமல் முறுக்கிச் செருகி, நான்கு முனைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வால்யூமைச் சுழியத்தில் வைத்து ஆன் செய்யுங்கள்.